கிளுவை வேலிப் பச்சோந்தி

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் முட்டிக்கான பயிற்சி இருபது நிமிடம். அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. படி இறங்கும்போதுதான் இன்னும் வலி. பூசைக்கு மனைவி பிலோமினா மட்டும் போய் வந்தாள். நான் இந்த வாரப் படங்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

சிநேகிதர் சௌந்தரபாண்டியனின் இணையப் புகைப்படக் குழுவில் இப்போது நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். பயணப் படம், பறவை, விலங்கு என்று தினமும் முப்பது நாற்பது வருகிறது. வாரத்துக்குப் பத்துப் படத்தை எடுத்து, எது சரி, எது சரியில்லை என்று அதன் கீழேயே எழுதுவது மூன்று வருடமாக என் வேலை. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன் நான். ஒரு படத்தில் தப்பு எங்கே என்றுதான் என் கண் முதலில் போகும்.

இந்த வாரம்: கொடைக்கானல் மூடுபனி (எல்லோரும் நிற்கும் அதே இடம்), தனுஷ்கோடி (அடிவானம் சாய்ந்திருக்கிறது), ஹம்பியில் ஒரு மாட்டுவண்டி (நன்று). பிறகு புதிதாகச் சேர்ந்த முபீனா என்ற பெண்ணின் பச்சோந்தி. வேடசந்தூர்ப் பக்கம், ஒரு தனியார் பள்ளியில் டீச்சராம். கிளுவை வேலிக்குள் பச்சோந்தி. முகத்துக்குக் குறுக்கே முள், பின்னால் ஒரே இலைக் குழப்பம். "உயிர் தனியாகத் தெரிய வேண்டும். பின்னணி வெறுமையாக இருக்கட்டும். இலையில்லாத ஒற்றைக் குச்சியில் இருந்திருந்தால் இது வேறு படம்" என்று எழுதினேன்.

"நன்றி சார். அது அங்கதான் இருந்துச்சு" என்று பதில். ஒரு வரி. பணிவா, குத்தலா என்று தெரியவில்லை. படத்துக்கு 174 விருப்பம். அதில் ஒன்று பிலோமினாவுடையது. நான் எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

செப்டம்பர் 4

மழை இல்லை. மோட்டார் ரிப்பேர்க்காரர் வரவில்லை.

முபீனாவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, எந்த இடம், எந்த நேரத்து வெளிச்சம் என்று கேட்டேன். நல்ல கருத்துச் சொல்ல இதெல்லாம் தெரிய வேண்டும். முதலில் தயங்கினாள். பிறகு, அவர்கள் கிணற்றடிக்கு மேற்கே உள்ள வேலி, பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலரை மணி வாக்கில் எடுத்தது என்று எழுதினாள். இடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எதற்கு இவ்வளவு ரகசியம்?

செப்டம்பர் 8, ஞாயிறு

சௌந்தர் வந்திருந்தார். என்னைவிட நாலு வயது சின்னவர். விதைக்கடை வைத்திருந்தார்; இப்போது சிறுமலை அடிவாரத்துத் தோட்டத்தில் வார இறுதிப் புகைப்பட முகாம் நடத்துகிறார். அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்காக மூன்று நாள் இருந்தவர். என் மகன்கூட ஒரு நாள்தான் இருந்தான்.

பிலோ இடியாப்பம் செய்தாள். அடுத்த முகாமுக்கு ஊர்வன எடுக்கலாம் என்று யோசிக்கிறாராம். அந்தப் பெண் எங்கே பச்சோந்தியைப் பார்த்தாள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். சொன்னேன். சௌந்தர் 'யாரோ' இல்லையே.

மோட்டார் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 16

முகாம் படங்கள் வந்திருக்கின்றன. ஒற்றைக் குச்சி, பின்னால் சுத்தமான பச்சை, பச்சோந்தியின் கண் ஊசிமுனை மாதிரித் துல்லியம். "நத்தம் காடு" என்று தலைப்பு. எடுத்தவர் மதுரையில் ஒரு பல் டாக்டர். "இதுதான் படம். புதியவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுதினேன். பெயர் சொல்லவில்லை. யாருக்குப் புரிய வேண்டுமோ அவருக்குப் புரியும்.

செப்டம்பர் 21

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது.

"சிறுமலை அடிவாரம்" என்று இன்னொரு படம். பச்சோந்தி நாக்கை நீட்டி வெட்டுக்கிளியைப் பிடிக்கிறது. வெட்டுக்கிளியிலிருந்து மேலே மெல்லிசாக ஒரு கோடு. சிலந்தி நூலாக இருக்கும். நான் பார்த்தது வாலை. சுருளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கோணல். எலும்பு எப்போதோ ஒடிந்து, நேராகச் சேராமல் வளைந்தே கூடியிருக்கிறது. கையிலும் காலிலும் இப்படிக் கூடின எலும்புகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

நத்தம் படத்தைத் திறந்தேன். அதே கோணல். முபீனாவின் படத்தைத் திறந்து முள்ளுக்கு நடுவே பெரிதாக்கினேன். அதே கோணல்.

மூன்று ஊர், ஒரே பச்சோந்தி. அது பஸ் ஏறிப் போகாது. யாரோ பிடித்து வைத்துக்கொண்டு இடம் இடமாகக் காட்டுகிறார்கள். முதலில் யாரிடம் இருந்தது? முபீனாவிடம். இடத்தைச் சொல்லத் தயங்கியது யார்? முபீனா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து செய்தி. "சார், எங்க வேலில இருந்தது பத்து நாளா காணோம். நத்தம்னு போட்ட படத்துல இருக்கறது அதுதானோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க பாத்துச் சொல்ல முடியுமா?"

சாமர்த்தியம். திருடு கொடுத்தவள் மாதிரி முந்திக்கொள்கிறாள். பதில் போடவில்லை.

செப்டம்பர் 23

சௌந்தருக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். அந்த வால் கோணல் வேறு யாருக்காவது தெரியுமா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். பிறகு, தனக்கும் அந்தப் பெண் மேல் ஒரு சந்தேகம் இருந்தது என்றார். முகாமில் கிடைத்தது தற்செயலாக ஒரு கிராமத்து ஆள் காட்டியது, அந்த ஆளுக்கும் இவளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். தான் எழுதினால் முகாம் போட்டி என்பார்களாம்.

"நீங்க எழுதுங்க லூர்து. உங்க வார்த்தைக்குத்தான் மதிப்பு" என்றார்.

செப்டம்பர் 24

அவள் படத்தின் கீழே எழுதினேன். நான்கு முறை அடித்துத் திருத்திய பிறகு இப்படி: "இந்தப் படத்தில் உள்ள உயிரின் வாலில் ஒரு பழைய முறிவு உள்ளது. அதே முறிவுள்ள அதே உயிர் வேறு இரண்டு ஊர்ப் படங்களிலும் உள்ளது. இது பிடித்து வைக்கப்பட்ட விலங்கு. முதன்முதலில் இதைப் படமெடுத்தவர் விளக்கம் தர வேண்டும்."

மத்தியானத்துக்குள் தொண்ணூறு பதில்கள். என் கண்ணைப் பாராட்டி நிறைய. பல் டாக்டர்கூட நன்றி சொல்லியிருக்கிறார். முபீனாவைச் சிலர் திட்டியிருக்கும் விதம் நாகரிகமாக இல்லை. நான் அப்படி எழுதச் சொல்லவில்லை.

கிளினிக் வேலை முடிந்து வந்த பிலோ போனில் படித்தாள். "எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்டால் ஒத்துக்கொள்வாளா என்றேன். பிலோ துணி மடிக்கப் போய்விட்டாள். இவளுக்கும் முபீனாவுக்கும் பழக்கம் உண்டோ என்னவோ.

செப்டம்பர் 26

முபீனா குழுவை விட்டுப் போய்விட்டாள். விளக்கம் எதுவும் தரவில்லை. குற்றமில்லாதவள் ஏன் போக வேண்டும்?

செப்டம்பர் 30

காலை பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். முபீனாவின் தகப்பனார், பெயர் அப்துல் கனி. சத்தம் போடவில்லை. நான் எழுதியதை அப்படியே படமெடுத்து யாரோ வனத்துறைக்கும் அவள் பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து வீடு, மாட்டுக்கொட்டகை, கிணற்றடி எல்லாம் தேடிப் பார்த்தார்களாம். ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளியில், விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லோரும் கேட்கிறார்களாம்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எம் பொண்ணு புடிச்சு வெச்சிருந்ததை நீங்க நேர்ல பாத்தீங்களா?"

படத்தில் பார்த்தேன் என்றேன்.

"படத்துலயா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புகார் அனுப்பியது நான் இல்லை. அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

அக்டோபர் 2

விடுமுறை. பிலோ கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பாதியில் எழுந்து போனை எடுத்தேன்.

குழுவில் நேற்று மறுபடி பச்சோந்தி. "அய்யலூர்" என்று போட்டிருக்கிறது. கேமரா தேதி செப்டம்பர் 29. வால் கோணல் அப்படியே இருக்கிறது.

28ஆம் தேதி முபீனா வீட்டைத் தேடியிருக்கிறார்கள். அடுத்த நாள் இது படத்துக்கு நிற்கிறது என்றால் வேறு யாரிடமோ இருக்கிறது. அவளுக்குக் கூட்டாளி இருக்கலாம். இருக்கலாம்.

எல்லாப் படங்களையும் தேதி வரிசையில் அடுக்கினேன். ஆகஸ்ட் கடைசியில், வேலிக்குள், கன்னம் நிறைந்து கண் முட்டை மாதிரி வெளியே தள்ளி நிற்கிறது. செப்டம்பர் 14இல் பரவாயில்லை. 29இல் கண் உள்ளே போய்விட்டது. விலா எலும்பை எண்ணலாம், எண்ணினேன். தண்ணீர் வற்றிய உடம்பு. இதற்குப் படித்தவன் கண் வேண்டாம். 14ஆம் தேதிப் படத்துக்குத்தான் 'இதுதான் படம்' என்று எழுதியிருக்கிறேன்.

முபீனாவைத் தவிர, மற்ற மூன்று ஊர்ப் படங்களையும் எடுத்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் சௌந்தரின் முகாமுக்குப் போனவர்கள்.

முகாமுக்கு நிறையப் பேர் போகிறார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அக்டோபர் 4

சௌந்தருக்குப் போன் செய்து சும்மா ஒரு நாள் தோட்டத்துக்கு வரட்டுமா என்றேன். முட்டியை வைத்துக்கொண்டு எதற்கு அலைச்சல், தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். மூன்று வருடமாக வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். பிலோவிடம் பொய் சொன்னது இது முதல் தடவை இல்லை, ஆனால் கோயிலை வைத்துச் சொன்னது முதல் தடவை.

எட்டரை மணி. மாமரத்தடியில் ஆறு பேர் கேமராவோடு தரையில் படுத்திருந்தார்கள். நடுவே ஒரு இரும்புக் கவ்வியில் இலையில்லாத குச்சி. பின்னால் இரண்டு கழியில் பச்சைத் துணி கட்டியிருந்தது. குச்சியில் பச்சோந்தி. ஒரு ஆள் வெட்டுக்கிளியை நூலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். பச்சோந்தி வாயைத் திறக்கவில்லை. குச்சியைப் பிடித்திருந்த பிடி மட்டும்தான் அதில் மிச்சமிருந்த பலம். நாக்கு வராதா என்று ஒருவர் கேட்க, காலையிலிருந்து மூன்று தடவை வந்துவிட்டது, கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று சௌந்தர் சொல்வது கேட்டது. பிறகு அவரே அதைக் குச்சியோடு எடுத்துச் சாப்பாட்டுக்குப் போடும் வலை மூடிக்குள் வைத்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

பம்புசெட்டுப் பக்கம் கூட்டிப்போனார். நான் கோபமாகப் பேச வேண்டும் என்று ஆட்டோவில் நினைத்துக்கொண்டே வந்தேன். வாயில் வந்தது, அது செத்துப்போகும் சௌந்தர் என்பது மட்டும்தான். இந்த வாரத்தோடு விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வேலை போகப் போகிறதே என்றேன். புகாரை யார் அனுப்பியது என்று கேட்டேன். குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.

அப்புறம் சொன்னார். கத்தவில்லை, ஆஸ்பத்திரியில் என் தலையணையைச் சரி செய்தபோது பேசின அதே குரல்.

"ஒத்தக் குச்சி வேணும், பின்னால வெறுமையா இருக்கணும்னு எழுதுனது யாரு லூர்து? வேலி எங்க இருக்குன்னு சொன்னது யாரு? அந்தப் பொண்ணு படத்துக்குக் கீழ எழுதுனது யாரு? நான் ஒரு வரிகூட எழுதலையே."

ஆட்டோக்காரர் காத்திருந்தார். திரும்பி வரும்போது முட்டி வலி தெரியவே இல்லை.

அக்டோபர் 7

ஒன்றும் செய்யவில்லை. குழுவில் பதினொரு படங்கள் என் கருத்துக்காகக் காத்திருக்கின்றன.

அக்டோபர் 8

செப்டம்பர் 8ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். 'சௌந்தர் யாரோ இல்லையே' என்று எழுதியிருக்கிறேன். சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டது நான்கு நாள் முன்னால்தான். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. நானூறு பேர் மதிக்கும் குழுவில் அவர் என்னிடம் ஒன்று கேட்கிறார், எனக்கு அது தெரிந்திருக்கிறது என்பது அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

'எண்ணவில்லை' என்று எழுதிய அந்த 174 விருப்பத்தையும் பெயர் பெயராக எண்ணித்தான் எழுதினேன்.

சாயங்காலம் பிலோவிடம் எல்லாம் சொன்னேன், கோயில் பொய் உட்பட. தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டாள். வனத்துறையில் போய்ச் சொன்னால் என் பேரும் வழக்கில் வரும், இருபது வருடச் சிநேகிதமும் போகும் என்றேன்.

"போகட்டும். நாளைக்கு நான் லீவு போடறேன்" என்றாள்.

அக்டோபர் 9, புதன்

வனச்சரக அலுவலகத்துக்கு இருவரும் போனோம். வனவர் சிறு வயதுப் பெண். எந்த ஊர்ப் படம், எந்தத் தேதி, எந்தக் கோணல் என்று அச்செடுத்துப் போனதை மேஜையில் வரிசையாக வைத்தேன். இடத்தைச் சௌந்தருக்குச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அந்த இடத்தில் அவர் எழுதுவதை நிறுத்தி, இதையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, முபீனாவின் படத்துக்குக் கீழே, அன்றைக்கு எழுதின கருத்துக்கு நேர் கீழேயே எழுதினேன்: "செப்டம்பர் 24 அன்று இங்கே நான் எழுதியது தவறு. முபீனா இந்த விலங்கை அதன் இடத்திலேயே, தொடாமல் எடுத்தார். அவர் நம்பிச் சொன்ன இடத்தை நான் வேறொருவருக்குச் சொன்னேன். அதன் பிறகே அது பிடிக்கப்பட்டது. லூர்துசாமி."

ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு குழுவே என் போனில் திறக்கவில்லை. சௌந்தர் என்னை நீக்கிவிட்டார். அதற்குள் பிலோ அதைப் படமெடுத்து வைத்திருந்தாள். முபீனாவின் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அப்துல் கனிக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது.

அக்டோபர் 11

வனவர் போன் செய்தார். தோட்டத்திலிருந்து பச்சோந்தியை எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. கால்நடை டாக்டர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுக்கிறாராம். சௌந்தர் மேல் வழக்கு. நான் சாட்சியாக வர வேண்டியிருக்கும் என்றார். என் மேல் என்ன என்பதை அதிகாரி முடிவு செய்வாராம்.

சௌந்தரின் மனைவி பிலோவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். பிலோ சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

வேடசந்தூர் போனேன். அப்துல் கனி உள்ளே வரச் சொன்னார். நாற்காலி போட்டார். அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் வழியெல்லாம் தயார் செய்தது பாதிதான் வந்தது. மன்னிக்க வேண்டும் என்பது வந்துவிட்டது.

முபீனாவை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். கட்டுரை நோட்டு ஒரு கட்டு அவள் முன்னால் இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கு மறுபடி வரச் சொல்லிவிட்டார்களாம். போகிறாள், ஆனால் வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் பேச்சை நிறுத்துகிறார்களாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரிச் சொன்னாள்.

அப்புறம், நோட்டைப் பார்த்துக்கொண்டே, "வேற யார் கேட்டிருந்தாலும் இடத்தைச் சொல்லியிருக்க மாட்டேன் சார். நீங்க எல்லார் படத்துக்கும் எழுதினதை, குழுவுல சேராம வெளிய இருந்தே ரெண்டு வருஷமா படிச்சிட்டு இருந்தேன். என் படத்துக்கும் நீங்க எழுதணும்னுதான் குழுவுலயே சேந்தேன்" என்றாள்.

டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் அப்துல் கனி கை பிடித்து மூன்று படியும் இறக்கிவிட்டார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 19

மழை. நாள் முழுவதும்.

அக்டோபர் 27, ஞாயிறு

பூசைக்குப் போனேன். உண்மையாகவே.

மாலை ஐந்தரைக்கு முபீனாவிடமிருந்து ஒரு படம். அவர்கள் கிணற்றடி வேலி. மழைக்குப் பிறகு கிளுவை அடர்ந்து கிடக்கிறது. கீழே, "நேத்து வனத்துறைல இருந்து கொண்டுவந்து விட்டாங்க சார். இதுக்குள்ள இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

பெரிதாக்கித் தேடினேன். கால் மணி நேரம் இலை இலையாகப் பார்த்தேன். பிலோதான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இதோ என்று விரல் வைத்தாள். இலைக்குள் இலையாக ஒரு முதுகின் வளைவு. வால் தெரியவில்லை. முகமும் தெரியவில்லை.

பழக்கத்தில் படத்தின் இடது ஓரத்தைப் பற்றி ஏதோ எழுத ஆரம்பித்து, அழித்தேன். பிறகு, "சாப்பிடுகிறதா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"தெரியல சார். கிட்டப் போகல."